பொதுநலவாயம்: கொமன்வெல்த் என்பதற்குள் காசு இல்லை

கொமன்வெல்த் கேம்ஸ் என்றதும் 'அதென்ன, பொதுச் சொத்து விளையாட்டா?' என்று நக்கலடிக்கிறவர்கள் நம் ஊரிலும் உண்டு. கொமன் என்றால் பொது, வெல்த் என்றால் செல்வம், அப்படியானால் பொதுச்செல்வம் என்று கூட்டிப் பார்ப்பது இயல்புதான், ஆனால் அந்த 'வெல்த்' பழைய ஆங்கிலத்தில் காசு பணத்தைக் குறித்த சொல் அல்ல. நலமாக இருப்பது, நன்மை, அவ்வளவுதான். பதினைந்தாம் நூற்றாண்டில் கொமன்வெல்த் என்றால் பொதுநன்மை. அப்புறம் பொதுநன்மைக்காக நடக்கும் அரசையே அப்படிச் சொல்லத் தொடங்கினார்கள். 1649இல் இங்கிலாந்தில் முதலாம் சார்ள்ஸ் மன்னனின் தலையை வெட்டிவிட்டு அரசனில்லாத ஆட்சிக்கு வைத்த பெயரும் இதுதான், அந்த இடத்தில் தமிழில் குடியரசு என்று எழுதினால் போதும். பிரித்தானியப் பேரரசைச் சேர்ந்த நாடுகளின் கூட்டத்துக்கு இந்தச் சொல்லைப் பொருத்தியவர் பிரித்தானிய அரசியல்வாதி ரோஸ்பரி பிரபு, 1884இல் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் பேசும்போது.

இனித் தமிழுக்கு வருவோம். பொதுநலம் என்பதோடு ஆயம் சேர்ந்து, நடுவில் வகர உடம்படுமெய் வந்து, பொதுநலவாயம் ஆகிறது. ஆயம் புதிதாகச் செய்த சொல் இல்லை, சங்கப் பாட்டில் தலைவியைச் சுற்றி நிற்கும் தோழியர் கூட்டம் ஆயம். தீர்ப்பாயம் என்று இன்றைக்கு எழுதுகிறோமே, அதிலும் இதே ஆயம்தான். ஆக, பொதுநலத்துக்காகக் கூடியவர்களின் கூட்டம் என்று பொருள் வருகிறது. ஆங்கிலச் சொல்லுக்குள் கூட்டம் என்ற பொருளே கிடையாது, அது நாம் சேர்த்தது, நாடுகள் கூடும் அமைப்புக்கு அது மூலத்தை விடவே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ஆயம் என்றால் வருமானம் என்றும் ஒரு பொருள் உண்டு, வள்ளுவர் சூது அதிகாரத்தில் பொருளாயம் என்பது அந்தப் பொருளில்தான், ஆயத்தீர்வையில் வருவதும் அந்த வழிதான். வெல்த்துக்குள் காசு நுழைந்தது போல ஆயத்துக்குள்ளும் காசு இருக்கிறது, அதற்காகப் பொதுநலவாயத்தை வருமானம் என்று படித்துவிட வேண்டாம்.

விளையாட்டுக்கு இந்தப் பெயர் வந்தது மிகவும் பிந்தித்தான். முதல் விழா 1930 ஓகஸ்டில் கனடாவின் ஹமில்டனில். அந்த ஊர்ப் பத்திரிகையொன்றின் விளையாட்டு ஆசிரியர் பொபி ரொபின்சன் ஓடித் திரிந்து ஏற்பாடு செய்தது, அணிகளின் பயணச் செலவுக்கு நகரசபை 30,000 டொலர் கொடுக்க முன்வந்தது. வந்தது 11 நாடுகள், சுமார் 400 பேர். ஆண் வீரர்கள் படுத்தது மைதானத்துக்குப் பக்கத்துப் பாடசாலை வகுப்பறைகளில், ஒரு அறைக்கு இரண்டு டசின் பேர். நம்மூர் மாகாண மட்டப் போட்டிக்குப் போய் வகுப்பறையில் பாய் விரித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெண்களுக்கு நீச்சலும் நீரில் பாய்தலும் மட்டும்தான் அனுமதி. பெயர்? 'பிரித்தானியப் பேரரசு விளையாட்டு'. நலமும் இல்லை, ஆயமும் இல்லை.

இலங்கை முதலில் போனது 1938 சிட்னிக்கு, அங்கே குத்துச்சண்டையில் பார்னி ஹென்றிகஸ் தங்கம் எடுத்தார். 1950இல் ஒக்லாந்தில் டங்கன் வைட் 440 யார் சட்டவேலி ஓட்டத்தில் தங்கம். நாடு சுதந்திரம் அடைந்து இரண்டு வருடம் ஆகியும் அவர் தங்கம் வென்றது 'பேரரசு' விளையாட்டில்தான்! 1954இல் வன்கூவரில் 'பேரரசும் பொதுநலவாயமும்' என்று இரண்டையும் போட்டார்கள், 1970இல் எடின்பரோவில் பேரரசு கழன்றது, 1978இல் எட்மன்டனில் 'பிரித்தானிய' என்பதும் போய்ச் சொல் தனியே நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் உரித்த கதை.

இதே உரிப்பு திருகோணமலையிலும் நடந்திருக்கிறது, விளையாட்டில் அல்ல, மயானத்தில். நிலாவெளி வீதியில் இருக்கும் யுத்த மயானத்தைப் பார்த்திருப்பீர்கள், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கே இறந்த கடற்படையினரும் மற்றப் படையினரும் கிடக்கும் இடம். அதைப் பராமரிக்கும் ஆணைக்குழுவின் பெயரில் 1917 முதல் இருந்தது 'ஏகாதிபத்திய' என்ற சொல், 1960இல்தான் 'பொதுநலவாய' என்று மாற்றினார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1957இல், பிரித்தானியக் கடற்படை நம் துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தது.

சொல் இலங்கையில் எல்லார் வாயிலும் அடிபட்டது 2011 வாக்கில். 2018 விழாவை அம்பாந்தோட்டைக்குக் கேட்டு, கரீபியன் தீவான சென் கிற்ஸில் நடந்த வாக்கெடுப்பில் 43க்கு 27 என்று அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரிடம் தோற்றோம். தோற்றது நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கலாம். 2022 விழாவைப் பெற்ற தென்னாபிரிக்காவின் டர்பன் 2017இல் அதை இழந்தது, 2026க்கு ஒத்துக்கொண்ட அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் செலவு தாங்காது என்று 2023இல் கைவிரித்தது, கடைசியில் கிளாஸ்கோ சிறிய அளவில் நடத்த ஏற்றது. இதையெல்லாம் பார்த்தால் நான் நல்லது பக்கம்தான்.

எழுதும்போது: 'பொதுநலவாய விளையாட்டு விழா' என்று போடுங்கள், 'பொது நல வாய' என்று பிரித்தால் யாருடைய வாய் என்று கேட்பார்கள். நடத்துகிற ஊருக்கு 'வரவேற்பு நகரம்' என்பது நம் பத்திரிகை வழக்கு, அதை மாற்றத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 'காமன்வெல்த்' என்றே ஓடுகிறது. 2030இல் நூற்றாண்டு விழா அகமதாபாத்துக்குப் போகிறது, அங்கிருந்து வரும் செய்தியை அப்படியே வெட்டி ஒட்டாமல் சொல்லை மட்டும் மாற்றிப் போட்டால் சரி.