தரைக்கடியில் சூடு, மேலே வினைல்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பிரிட்டனில் புதிதாகக் கட்டும் வீடுகளிலும், தோட்டப் பக்கம் நீட்டிக் கட்டும் சமையலறைகளிலும் தரைக்கடியில் சூடாக்கும் முறை இப்போது சகஜம். அதன்மேல் வினைல் என்னும் பிளாஸ்டிக் தரைப்பலகை போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். மரத்தையும் கார்ப்பெட்டையும்விட வினைல் சூட்டை எளிதாக மேலே விடும். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் ஓக் நிறமா, சாம்பல் நிறமா என்ற பேச்சே முதலில் எழுகிறது. அதற்கு முன் 27 டிகிரியைப் பற்றிப் பேச வேண்டும்.

பெரும்பாலான வினைல் தயாரிப்பாளர்கள் தரையின் மேற்பரப்பு 27 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். அறை 20 டிகிரியில் இருக்கும்போது 27 டிகிரித் தரை, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 75 வாட் வெப்பம் தரும். 29 டிகிரி வரை ஏற்றக்கூடிய டைல்ஸ் தரை என்றால் அது 100 வாட்டை ஒட்டி வரும். நன்றாக இன்சுலேஷன் செய்த வீட்டுக்கு 75 வாட் போதும். வெற்றுச் செங்கல் சுவரும் பெரிய கண்ணாடிக் கதவும் உள்ள பழைய வீட்டுக்குப் போதாமல் போகலாம். அறைவாரியாக வெப்ப இழப்பைக் கணக்கிட்ட பிறகே தரையை முடிவு செய்யுங்கள். இழப்பு அதிகம் என்றால் கூடவே ஒரு ரேடியேட்டர் வையுங்கள். இல்லாவிட்டால் குளிர் தாங்காமல் சூட்டைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். இணைப்புகள் விரியும், ஓரங்கள் எழும்பும், உத்தரவாதமும் போய்விடும்.

காற்றின் வெப்பத்தை மட்டும் அளக்கும் தெர்மோஸ்டாட் இந்த வரம்பைக் காக்காது. தரைக்குள் ஒரு சென்சார் வேண்டும். வெந்நீர்க் குழாய்க்குப் பதில் சூடாக்கும் கேபிள் கொண்ட மின்சார மேட் போடுபவர்களுக்கு இது கட்டாயம். பழுதானால் உருவி மாற்றும்படி, சென்சாரைச் சிறு குழாய்க்குள் விட்டு, இரண்டு கேபிள் வரிசைகளுக்கு நடுவில் பதிக்கச் சொல்லுங்கள்.

பசையால் தரையோடு ஒட்டும் வகையா, பசையின்றிப் பலகைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் கிளிக் வகையா? சூடான தரைக்கு எங்கள் பரிந்துரை, 2.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒட்டும் வகை. தரையோடு ஒட்டியிருப்பதால் சூடு சீக்கிரம் மேலே வரும், விரிந்து சுருங்கும் அசைவும் குறைவு. கண்ணாடிக் கதவு வழியே வெயில் விழும் அறையில், மேலிருந்து வெயிலும் கீழிருந்து சூடும் சேர்வதால் இது இன்னும் முக்கியம். பசை, அதிக வெப்பம் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். அழுத்தினால் ஒட்டும் சாதாரணப் பசை சூட்டில் இளகி, பலகைகள் நகர்ந்து இடைவெளி விடும்.

கிளிக் வகைதான் வேண்டும் என்றால், சுவரோரமும் குழாய்களைச் சுற்றியும் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியை விடுங்கள். சமையலறை அலமாரிகளை அதன்மேல் ஏற்றித் திருகாதீர்கள். தரை அசைய இடமின்றி நடுவில் புடைக்கும். பலகைக்கு அடியில் விரிக்கும் மெத்தையான அண்டர்லேயின் டாக் எண்ணையும் பாருங்கள். ஒரு டாக் என்பது 0.1 m²K/W வெப்பத்தடை, தரைவிரிப்பு முழுவதற்கும் சேர்த்து ஐரோப்பியத் தரநிலை தரும் மேல்வரம்பே 0.15தான். அடியில் ஏற்கெனவே மெத்தை ஒட்டி வரும் பலகைக்கு இன்னொரு அண்டர்லே போட்டால் மிதிக்க மிதிக்க கிளிக் விளிம்பு உடையும்.

தோல்விகள் பெரும்பாலும் சூடாக்கும் குழாய்களை மூடி ஊற்றும் கலவைத் தளமான ஸ்க்ரீடின் ஈரத்தில்தான் தொடங்குகின்றன. சிமென்ட் ஸ்க்ரீட், முதல் 50 மில்லிமீட்டர் வரை, நல்ல நிலைமையில் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் காயும். அதற்கு மேல் இன்னும் மெதுவாக. 65 மில்லிமீட்டர் ஸ்க்ரீட் இரண்டு மாதத்தில் தயாராகாது. அவசரப்பட்டுச் சூட்டைப் போட்டும் காயவைக்க முடியாது. சிமென்ட் ஸ்க்ரீடுக்கு 21 நாள், ஜிப்சம் வகையான அன்ஹைட்ரைட்டுக்கு 7 நாளாவது கழித்துத்தான் முதல் சூடு. அதுவும் குழாயில் ஓடும் சுமார் 25 டிகிரி நீரில் மூன்று நாள், பிறகு வடிவமைப்பின் உச்ச வெப்பத்தில் நான்கு நாள். ஹைக்ரோமீட்டரில் ஈரப்பதம் 75 சதவீதமோ அதற்குக் கீழோ காட்டிய பிறகே வினைல். அன்ஹைட்ரைட்டின் மேலேட்டைத் தேய்த்து நீக்கி, பிரைமர் பூசுங்கள். பூசாமல் சிமென்ட் கலவையை ஊற்றினால் இரண்டும் வினைபுரிந்து பிரிந்துவிடும்.

மின்சார மேட்டை வினைலுக்கு நேர் அடியில் விரிக்கக் கூடாது. பொதுவாக, தரையைச் சமப்படுத்தும் 10 மில்லிமீட்டர் லெவலிங் கலவைக்குள் அது மூழ்க வேண்டும்.

போடுவதற்கு 48 மணி நேரம் முன்பே சூட்டை அணைத்து, முடிந்து 48 மணி நேரம் வரை அப்படியே விடுங்கள். குளிர்காலம் என்றால் வேறு ஹீட்டரால் அறையை 18 டிகிரிக்குக் குறையாமல் வையுங்கள். பிறகு நாளுக்கு ஓரிரு டிகிரியாக ஏற்றுங்கள்.

குடியேறிய பின் தடித்த விரிப்பு, தரையில் போட்ட மெத்தை, பீன்பேக் மூன்றும் அடியில் சூட்டைச் சிறைவைக்கும். அங்கே 27 டிகிரி எளிதாகத் தாண்டும். ரப்பர் அடிப்பாகமுள்ள மிதியடி மஞ்சள் கறை விடும், அந்தக் கறை துடைத்தால் போகாது. சோபாவும் கட்டிலும் கால் வைத்தவையாக, அடியில் காற்றோடும்படி இருக்கட்டும்.