தஹ்ரீஃப்: ஒரு சொல்லுக்குள் இரண்டு குற்றச்சாட்டுகள்

மோசேக்கு (மூஸா நபிக்கு) அருளப்பட்ட தவ்ராத், இயேசுவுக்கு (ஈஸா நபிக்கு) அருளப்பட்ட இன்ஜீல் போன்ற முந்தைய வேதங்கள் மாற்றப்பட்டுவிட்டன என்று முஸ்லிம்கள் சொல்லும் குற்றச்சாட்டுக்கு அரபியில் ‘தஹ்ரீஃப்’ என்று பெயர். இதைத் தமிழில் ‘திருத்தம்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது அறவே பொருந்தாது. தவறாக இருப்பதைச் சரிசெய்வது திருத்தம். சரியாக இருந்ததைக் கோணலாக்குவது தஹ்ரீஃப்.

ஹா, ரா, ஃபா என்ற மூன்று எழுத்துகள் இதன் வேர். ‘ஹர்ஃப்’ என்றால் ஓரம், விளிம்பு. எழுத்துக்கும் அதே பெயர்தான். இறைவனை ஓரத்தில் நின்றபடி வணங்குபவனைப் பற்றிக் குர்ஆன் 22:11 பேசுகிறது. அங்கே வருவது ஹர்ஃப். போரில் உத்திக்காக ஒருபக்கம் ஒதுங்குபவனை 8:16 ‘முதஹர்ரிஃப்’ என்கிறது. ஆக, நேராக இருப்பதை ஓரத்துக்குச் சாய்ப்பதே வேர்ப்பொருள். தஹ்ரீஃப் என்ற பெயர்ச்சொல் குர்ஆனில் இல்லை. ‘யுஹர்ரிஃபூன’ என்ற வினையே 2:75, 4:46, 5:13, 5:41 ஆகிய நான்கு இடங்களில் வருகிறது.

4:46 சொல்வது: ‘சொற்களை அவற்றின் இடங்களிலிருந்து’ சாய்க்கிறார்கள். எந்த இடம்? ஏட்டில் அந்தச் சொல் நின்ற இடமா, அது சுட்டிய பொருளா? அந்த வசனமே தரும் எடுத்துக்காட்டு, ‘ராஇனா’ (எங்களைக் கவனியுங்கள்) என்ற சொல்லை நாவைச் சுழற்றி இழிவாக ஒலிப்பது. அது வாயால் செய்யும் திரிப்பு. மாறாக, தம் கைகளால் எழுதிவிட்டு ‘இது இறைவனிடமிருந்து வந்தது’ என்பவர்களை 2:79 கண்டிக்கிறது. ஆனால் அங்கே இந்த வினை இல்லை. விவாதங்களில் இந்த இரு வசனங்களையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதுதான் அடிக்கடி நேரும் பிழை.

இஸ்லாமிய அறிஞர்கள் இதைப் பிரித்தே பேசினார்கள். சொல்லை விட்டுவிட்டுக் கருத்தை வளைப்பது ‘தஹ்ரீஃபுல் மஃனா’. எழுத்திலேயே கைவைப்பது ‘தஹ்ரீஃபுல் லஃப்ழ்’. புகாரியின் நபிமொழித் தொகுப்பில் இரண்டுக்கும் இடமுண்டு: இறைநூலின் சொல்லை எவரும் அகற்ற முடியாது, பொருளையே மாற்றினார்கள் என்ற விளக்கமும் இருக்கிறது; வேதக்காரர்கள் தம் கைகளால் எழுதி மாற்றினார்கள் என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் சொன்ன செய்தியும் இருக்கிறது. ஸ்பெயினின் குர்துபாவைச் (கொர்டோபா) சேர்ந்த அறிஞர் இப்னு ஹஸ்ம் (994–1064) எழுத்தே மாற்றப்பட்டது என்று மிகக் கடுமையாக வாதிட்டார். குர்ஆன் விரிவுரையாளர் ஃபக்ருத்தீன் ராஸியோ, பலர் வழியாகப் பரவிய நூலில் சொல்லை மாற்றுவது கடினம் என்று பொருள் திரிப்பின் பக்கம் சாய்ந்தார்.

கிறிஸ்தவர்கள் 5:47, 10:94 வசனங்களைக் காட்டி, குர்ஆன் காலத்தில் கையிலிருந்த வேதம் நம்பத்தக்கதாகவே பேசப்படுகிறது என்பார்கள். சினாய், வத்திக்கான் எனப்படும் பைபிள் கையெழுத்துப் பிரதிகள் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, அதாவது குர்ஆனுக்கு முந்தியவை என்பது அவர்களின் அடுத்த வாதம். முஸ்லிம்களின் மறுமொழி: 5:48 குர்ஆனை முந்தைய வேதத்தின் ‘முஹைமின்’, அதாவது கண்காணிப்பாளர், என்கிறது, மேலும் இன்ஜீல் ஈஸா நபிக்கு அருளப்பட்ட வேதம், நால்வர் எழுதிய நற்செய்திகள் அல்ல. இந்தக் கடைசி வேறுபாட்டைப் பேசித் தெளியாமல் எத்தனை பிரதிகளை விரித்து வைத்தாலும் பயனில்லை.

பிரதிகளில் வேறுபாடு உண்டென்பதைக் கிறிஸ்தவ அறிஞர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். மாற்கு 16:9–20 மேற்சொன்ன இரு பிரதிகளிலும் இல்லை. 1 யோவான் 5:7இல் ‘பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி’ என்று பரலோகச் சாட்சிகளைச் சொல்லும் வரி பழைய கிரேக்கப் பிரதிகளில் காணப்படுவதில்லை. சீர்திருத்தத் திருச்சபையார் வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது உண்டு. பிந்தைய பொது மொழிபெயர்ப்பில் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்தால் எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

1854 ஏப்ரலில் ஆக்ராவில் மௌலவி ரஹ்மத்துல்லாஹ் கைரானவியும் மிஷனரி ஃபாண்டரும் இரண்டு நாள் மோதியபோது, வழக்கு இந்தச் சொல்லின் எல்லையிலேயே நின்றது. கூட்டியதோ குறைத்ததோ மாற்றியதோ, வேண்டுமென்று நடந்ததோ தவறி நடந்ததோ, எல்லாம் தஹ்ரீஃப்தான் என்றது கைரானவி தரப்பு. அவை எழுத்தர் பிழைகள், அடிப்படைக் கொள்கையைத் தொடவில்லை என்றது ஃபாண்டர் தரப்பு.

தமிழில் இதற்குப் பொதுச்சொல்லாக ‘திரிப்பு’ போதும். இரு வகையையும் ‘பொருள் திரிப்பு’, ‘பாடத் திரிப்பு’ என்று பிரிக்கலாம். ‘புரட்டு’ வசையாக ஒலிப்பதால் விளக்கவுரைக்கு ஆகாது. நன்னூல் சொல்லும் தோன்றல், திரிதல், கெடுதல் என்ற மூன்று விகாரங்களும் கூட்டல், மாற்றல், குறைத்தல் என்ற அந்த மூன்றுக்கும் இயல்பாகப் பொருந்துகின்றன. ‘இடைச்செருகல்’ கூட்டலை மட்டுமே குறிக்கும். ‘பாடபேதம்’ குற்றச்சாட்டே அல்ல: இரு பிரதிகள் வேறுபடுகின்றன என்ற செய்தி மட்டும்; யார், ஏன் செய்தார்கள் என்பதை அது சொல்லாது.

‘நஸ்க்’ என்பதையும் இதனோடு சேர்க்கக் கூடாது. முந்தைய சட்டத்தை இறைவனே நீக்கிப் புதியதைத் தருவது நஸ்க். ‘நீக்கம்’ என்று எழுதலாம். தஹ்ரீஃப் மனிதன் செய்வது.