ஒரு கனமீட்டர் தண்ணீருக்கு 3.24 வெள்ளி: சிங்கப்பூர் போடும் கணக்கு

2023 செப்டம்பர் 27 அன்று சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகம் தண்ணீர் விலை ஒரு கனமீட்டருக்கு 50 காசு உயரும் என்று அறிவித்தது. 2024 ஏப்ரலில் 20 காசு, 2025 ஏப்ரலில் மீதி 30 காசு. அப்படித்தான் 2.74 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 3.24 வெள்ளி ஆனது. ஒரு கனமீட்டர் என்பது 1,000 லிட்டர். நாலு பேர் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் மாதம் 17 கனமீட்டர் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், 46.58 வெள்ளி கட்டிய குடும்பம் இப்போது 55.08 வெள்ளி கட்ட வேண்டும். ஜிஎஸ்டி தனி.

ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் தண்ணீருக்கு ஏன் இவ்வளவு என்று யாரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மழை இருக்கிறது, அதைத் தேக்கி வைக்கத்தான் நிலம் இல்லை.

மாதக் கட்டணச் சீட்டைப் பிரித்துப் பார்த்தால் அந்த 3.24 வெள்ளி மூன்று பங்காக இருக்கும். தண்ணீர்க் கட்டணம் 1.43 வெள்ளி. அதற்கு மேல் அதில் பாதி அளவு, அதாவது 72 காசு, நீர்ச் சேமிப்பு வரி, 1991இல் வந்தது. பயன்படுத்திய நீரைக் கொண்டுபோய்ச் சுத்திகரிக்க 1.09 வெள்ளி. முன்பெல்லாம் வீட்டில் எத்தனை கழிவறைச் சாதனங்கள் இருக்கின்றன என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் மாதாமாதம் தனிக் கட்டணம் வாங்கினார்கள். 2017இல் அதை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் மீட்டரில் ஓடும் அளவோடு சேர்த்துவிட்டார்கள்.

ஆனால் விலை ஏன் ஏறுகிறது என்பது இந்தச் சீட்டில் தெரியாது. அதற்குத் தண்ணீர் வரும் இடங்களைப் பார்க்க வேண்டும். மொத்தம் நான்கு: உள்ளூர் நீர்த்தேக்கங்கள், மலேசியாவின் ஜொகூர் ஆறு, கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நியூவாட்டர், கடல்நீர். ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ள 1962 ஒப்பந்தம் அனுமதிக்கிறது. விலை 1,000 கேலனுக்கு 3 சென் மட்டுமே. ஒப்பந்தம் 2061 வரை ஓடும். இவ்வளவு மலிவான தண்ணீர் கையில் இருக்கும்போது கடலுக்கு ஏன் போக வேண்டும்?

ஏனென்றால் அந்த அளவுக்கு மேல் எடுக்க முடியாது. மழை பொய்த்தால் அந்த அளவே கேள்விக்குறிதான். ஜொகூர் ஆற்றுக்குப் பின்பலமாக இருக்கும் லிங்கியூ அணை 2016 அக்டோபரில் 20 விழுக்காடாகச் சரிந்தது. அதற்குமுன் அது அவ்வளவு கீழே போனதில்லை. ஊரில் ஒரு புது வீடோ ஒரு சில்லுத் தொழிற்சாலையோ வந்தால் கூடுதலாகத் தேவைப்படும் கனமீட்டர் ஆற்றிலிருந்து வராது. அது கடலிலிருந்தோ கழிவுநீரிலிருந்தோதான் வந்தாக வேண்டும்.

சிங்கப்பூர் விலை போடும் முறையின் உயிர்நாடி இதுதான். நான்கு வழிகளின் செலவையும் கூட்டிச் சராசரி எடுப்பதில்லை. அடுத்து வேண்டிய தண்ணீரைத் தர எவ்வளவு செலவாகும் என்பதையே அடிப்படையாக வைக்கிறார்கள். சராசரியில் விற்றால், குழாயைத் திறந்துவிடுபவர் தன் செயலால் கட்ட வேண்டிவரும் புது ஆலைக்கான பணத்தைத் தருவதில்லை. மற்ற எல்லோரும் சேர்ந்து தருகிறார்கள். 2000க்குப் பிறகு முதன்முறையாக 2017இல் 30 விழுக்காட்டு உயர்வை அறிவித்தபோதும் அரசு இந்த விளக்கத்தைத்தான் சொன்னது. மக்களுக்குக் கோபம் வந்தது. ஹாங் லிம் பூங்காவில் எதிர்ப்புக் கூட்டமும் நடந்தது.

சரி, கடல்நீரைக் குடிநீராக்க ஏன் இவ்வளவு செலவு? உப்பு நீரையும் நல்ல நீரையும் ஒரு மெல்லிய சவ்வு பிரித்தால், இயல்பாக நல்ல நீர்தான் உப்புப் பக்கம் போகும். அந்த இழுவிசை கடல்நீருக்குச் சுமார் 27 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல் 27 மடங்கு. நீரைத் திருப்பி அனுப்ப அதைவிட அதிகமாக அழுத்த வேண்டும். ஆலைகளில் 55 முதல் 70 பார் வரை கொடுக்கிறார்கள். சவ்வைப் பாய்போல் சுருட்டிக் குழாய்களுக்குள் அடைத்திருப்பார்கள். ஒருபுறம் கடல்நீர் அழுத்தத்துடன் நுழையும். நடுக்குழாயில் நல்ல நீர் சேரும். மிச்சம் இரட்டிப்பு உப்போடு மறுமுனையில் வெளியேறும்.

அந்த மிச்சத்தில் இன்னும் பெரும்பாலான அழுத்தம் இருக்கிறது. அதை அப்படியே கடலில் விட்டால் மின்சாரத்தைக் கொட்டியது போலத்தான். அதனால் ஒரு சுழலும் உருளைக்குள், வெளியேறும் உப்புநீர் உள்ளே வரும் கடல்நீரை நேரடியாக இடித்துத் தன் அழுத்தத்தை அதற்குக் கொடுத்துவிடுகிறது. இந்தக் கருவி கடல்நீர் ஆலைகளின் மின்செலவை வெகுவாகக் குறைத்தது. அப்படியும் ஆலை முழுவதற்கும் சேர்த்து ஒரு கனமீட்டருக்குச் சுமார் 3.5 யூனிட் மின்சாரம் போகிறது. நீர்த்தேக்கத் தண்ணீரைச் சுத்திகரிக்க 0.2 யூனிட்டே போதும்.

ஆக, தண்ணீர் விலையில் மின்சார விலை ஒளிந்திருக்கிறது. சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இறக்குமதி செய்த இயற்கை எரிவாயுவில் உண்டாவது. 2022இல் உலகச் சந்தையில் எரிவாயு விலை எகிறியது துவாஸ் கடற்கரையில் உள்ள கடல்நீர் ஆலையையும் தொடாமல் விடாது. 2023 அறிவிப்பில் கழகம் சொன்ன காரணங்களில் முதன்மையானது இதுதான்: 2017க்குப் பிறகு மின்சந்தை விலை 37 விழுக்காடும், சுத்திகரிப்பு ரசாயனங்கள் 33 விழுக்காடும் ஏறியிருந்தன.

இங்கே துவாஸ்பிரிங் கடல்நீர் ஆலையின் கதையைச் சொல்லியாக வேண்டும். ஹைஃப்ளக்ஸ் நிறுவனம் 2011இல் முதலாண்டு விலையாகக் கனமீட்டருக்கு 45 காசு கேட்டு அந்த ஒப்பந்தத்தை வென்றது. பக்கத்திலேயே மின்நிலையம் கட்டி, மிஞ்சும் மின்சாரத்தை விற்று ஈடுகட்டலாம் என்பது திட்டம். மின்சார விலை விழுந்தது. 2018இல் நிறுவனம் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. 2019 மே மாதம் கழகமே ஆலையை எடுத்துக்கொண்டது. பின்னால் வந்த மரினா ஈஸ்ட் கடல்நீர் ஆலைக்கு முதலாண்டு விலை ஏறத்தாழ 1.08 வெள்ளி. கடல்நீருக்கு 45 காசுதானே, ஏன் ஏற்றுகிறீர்கள் என்று 2017இல் கேட்டவர்களுக்கு நேர்மையான பதில், அந்த 45 காசு நிலைக்கக்கூடிய விலையே அல்ல என்பதுதான். மழை நாளில் நீர்த்தேக்க நீரையும் வறண்ட நாளில் கடல்நீரையும் சுத்திகரிக்கும் மரினா ஈஸ்டின் ஏற்பாடும் செலவைக் குறைக்கத்தான்.

விலையைக் குறைக்காமல், வசதி குறைந்த வீடுகளுக்குத் தனியாக யூ-சேவ் தள்ளுபடி கொடுப்பது சரியான வழி என்றே நினைக்கிறேன். தண்ணீரின் உண்மை விலை மறைவதில்லை. ஏழை வீட்டின் சுமையும் குறைகிறது. எனக்கு உறுத்துவது 40 கனமீட்டர் எல்லை. மாதம் அதைத் தாண்டினால் கூடுதல் விலை. ஆனால் அந்த எல்லை வீட்டில் எத்தனை பேர் என்று பார்ப்பதில்லை. தனியாக வசிப்பவர் நாளுக்கு 1,300 லிட்டர் கொட்டினாலும் எல்லைக்குள் இருப்பார். பத்துப் பேர் கூட்டுக் குடும்பம் ஆளுக்கு 140 லிட்டர் என்று கட்டுப்பாடாக இருந்தாலும் தாண்டிவிடும். இதைத் திருத்துவது கடினமல்ல.

3.5 யூனிட்டை 2 யூனிட்டுக்குக் கீழே இறக்குவது கழகத்தின் இலக்கு. இயற்பியல் ஓரளவுக்குத்தான் வழிவிடும். கடல்நீரின் பாதியை நன்னீராக்க, எந்த இழப்புமே இல்லாத ஆலையிலும் சுமார் 1 யூனிட் செலவாகியே தீரும். இலக்கை எட்டினால், யூனிட் 20 காசு என்று வைத்தாலும், கனமீட்டருக்கு 30 காசு மிச்சம். அந்த மிச்சமும் கடலிலிருந்து வரும் தண்ணீருக்கு மட்டும்தான்; குழாய்களுக்கும் ஆலைகளுக்கும் போட்ட முதலீட்டை எந்தச் சவ்வும் குறைக்காது.