ஃபேன், விசிறி, பித்தர்

‘நான் குயீனின் விசிறி’ என்று தமிழில் எழுதினால், அந்த லண்டன் றொக் குழுவைத் தெரியாதவர் என்ன நினைப்பார்? ராணிக்குப் பக்கத்தில் நின்று சாமரம் வீசுகிற ஆள் என்றுதான். விசிறி இந்தப் பொருளில் பகிடியாகப் புறப்பட்ட சொல். ஆங்கிலத்தில் ஃபேன் என்றால் காற்றாடியும் உண்டு, ரசிகரும் உண்டு. ஒன்றின் தமிழை மற்றதன் தலையில் யாரோ குறும்பாகக் கட்டிவிட்டார்கள். பகிடி பழகிப்போய், இன்று நேர்காணலிலும் பத்திரிகைத் தலைப்பிலும் ‘தீவிர விசிறி’ என்று சிரிக்காமலே எழுதுகிறோம்.

உண்மையில் ஆங்கிலத்தில் அவை இரண்டு வேறு சொற்கள். எழுத்து ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். காற்றுக்கான ஃபேன் லத்தீனில் ‘வன்னுஸ்’ என்ற சொல்லிலிருந்து வருகிறது. தானியத்தைத் தூற்றிப் பதர் போக்குகிற கருவிக்கு அந்தப் பெயர், நம்முடைய சுளகு மாதிரி. பதரைப் பறக்கவைக்கக் காற்று வேண்டும் என்பதால் பெயர் மெல்ல மெல்லக் கைவிசிறிக்குப் போய், கடைசியில் கூரையில் சுற்றுகிற மின்விசிறியிலும் ஏறிக்கொண்டது. வேர் வரைக்கும் போய்த்தான் மொழிபெயர்ப்பேன் என்று ஒருவர் அடம்பிடித்தால், ‘நான் குயீனின் சுளகு’ என்று சொல்ல வேண்டி வரும்.

மற்ற ஃபேனின் கதை கோயிலில் தொடங்குகிறது. லத்தீனில் ‘ஃபானும்’ என்றால் கோயில். ‘ஃபனாட்டிகுஸ்’ கோயிலைச் சேர்ந்தவர், அதிலும் தெய்வம் ஏறி நிலை தப்பியவர். ரோமாபுரியில் பெல்லோனா என்ற போர்த்தெய்வத்தின் அடியார்கள் ஆவேசத்தில் தங்கள் கைகளையே கீறிக்கொள்வார்கள். அவர்களுக்கு இந்தப் பெயர் இருந்தது. ஆங்கிலத்துக்குள் 16ஆம் நூற்றாண்டில் ‘ஃபனாட்டிக்’ என்று வந்து, அடுத்த நூற்றாண்டில் மதம் தலைக்கேறியவர்களைத் திட்டுகிற சொல்லாயிற்று. அதைக் கத்தரித்து ‘ஃபேன்’ ஆக்கிப் பரப்பியது 1880களின் கடைசியில் அமெரிக்க பேஸ்போல் எழுத்து. குத்துச்சண்டைப் பிரியர்களை ‘ஃபேன்சி’ என்று அழைத்த வழக்கமும் இதில் கலந்திருக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. எப்படியோ, வைதவர்கள் வாயிலிருந்த சொல்லைக் குட்டையாக்கிப் பெருமையாக மாட்டிக்கொண்டார்கள்.

சரி, ஃபனாட்டிகுசுக்கு நேர் தமிழ் என்ன? அகராதியைத் திறக்காமலே என் அம்மம்மா சொல்லிவிட்டார். எண்பதுகளின் பின்பாதியில், வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீட்டு முன்னறையில், ஐயன் மெய்டன் கசற்றைச் சத்தமாகப் போட்டுவிட்டு நானும் மச்சானும் தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருப்போம். அம்மம்மா வாசலில் வந்து நின்று, “என்ன தம்பி, உரு வந்திட்டுதோ?” என்பார். மாரியம்மன் கோயில் காவடியில் கண்டதைத்தான் அவர் எங்களிடமும் கண்டார். உருவேறுதல், கலையாடுதல் என்று ஈழத்தில் சொல்வதும் ரோமர்கள் ஃபனாட்டிகுஸ் என்றதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சங்கத் தமிழில் இதற்கு ‘வெறி’ என்று பெயர். வேலன் என்ற பூசாரி, முருகன் தன்மேல் ஏறி ஆடுவது வெறியாட்டு. அகப்பாடல்களில் இது வருகிற இடம் சுவையானது. மகள் காதலால் மெலிகிறாள். தாய்க்கு அது தெரியாது. முருகு அணங்கிவிட்டது, அதாவது முருகன் பிடித்துவிட்டான் என்று நினைத்து வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டு எடுக்கிறாள். தோழிக்கோ உள்ளுக்குள் சிரிப்பு. என் பெரியம்மா வீட்டில் நடந்ததும் இதேதான். சங்கக் காலத் தோழியின் இடத்தில் நான் இருந்தேன். அக்கா தன் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் நீளமுடிப் பாடகன் ஒருவனின் படத்தை ஒட்டி வைத்திருந்தாள். பெரியம்மா கண்டுவிட்டார். திட்டவில்லை, நேரே கோயிலுக்குப் போய் அவள் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்து நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். அதன் பிறகும் படம் அங்கேதான் இருந்தது. பக்கத்தில் ஒரு முருகன் படமும் சேர்ந்தது.

அப்படியானால் ஃபேன் என்பதை ‘வெறியர்’ என்று சொல்லலாமா? வேரின்படி பொருத்தம்தான். ஆனால் இலங்கையில் அது சரிவராது. எங்கள் பேச்சில் வெறி என்றால் குடிபோதை. ‘அவர் நல்ல வெறி’ என்றால் சாராயம் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். குடிகாரருக்கு ‘வெறிக்குட்டி’ என்றே பட்டம். றொக் வெறியர் என்று அறிமுகம் செய்தால் பெண் வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். அதைவிடப் பெரிய காரணம், இனவெறி என்ற கூட்டுச்சொல். 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு வெறியர் என்ற சொல்லைப் பாட்டுக்கும் கிட்டாருக்கும் பக்கத்தில் வைக்க மனம் வராது. ஆங்கிலத்தில் ஃபனாட்டிக் எதுவோ அதற்கு வெறியர் இருக்கட்டும். குட்டைச் சொல்லுக்கு வேறு வேண்டும்.

எனக்குப் பிடித்தது ‘பித்தர்’. சிவனையே ‘பித்தா’ என்று கூப்பிட்டுத்தான் சுந்தரர் தேவாரத்தைத் தொடங்கினார், ஆகவே இதில் வசவும் உண்டு, செல்லமும் உண்டு. கிரிக்கெட் பித்து, சினிமாப் பித்து என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். ஐரோப்பாவிலும் இசை ரசிகர்களின் கூத்துக்குக் கிடைத்த பெயர் அதுதான். பியானோக் கலைஞர் ஃபிரான்ஸ் லிஸ்ட் மேடையேறியபோது பெண்கள் அவருடைய கையுறைக்கும் கைக்குட்டைக்கும் அடிபட்டதைக் கண்டு, 1844இல் கவிஞர் ஹைனே அதற்கு ‘லிஸ்டோமேனியா’ என்று பெயர் வைத்தார். 1963இல் பிரித்தானியப் பத்திரிகைகள் பீட்டில்ஸ் குழுவுக்காக ‘பீட்டில்மேனியா’ என்றன. மேனியா என்றால் பித்து. லிஸ்ட் பித்து, பீட்டில்ஸ் பித்து என்று எழுதினால் தமிழில் உறுத்தாது.

நாங்கள் இருந்ததும் பித்தில்தான். அதற்கு வேண்டிய சாமான் வந்து சேர்ந்ததற்கு ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு. 1977இல் ஜே. ஆர். ஜெயவர்தன அரசு இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகுதான் கசற் ரெக்கோடர்கள் கொழும்பு வீடுகளுக்குள் பெருவாரியாக நுழைந்தன. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் வரும்போது ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காலி வீதியிலும் புறக்கோட்டையிலும் ‘ரெக்கோடிங் பார்’கள் முளைத்தன. பார் என்றவுடன் பயப்பட வேண்டாம், அங்கே குடிக்கக் கிடைப்பது பாட்டு மட்டும். அசல் கசற் வாங்க எங்களிடம் காசு இல்லை, பல குழுக்களின் அசல் வருவதும் இல்லை. கடையில் இருக்கும் இசைத்தட்டுப் பட்டியலைப் பார்த்து, கொப்பித் தாளில் எழுதிக்கொடுத்தால், வெற்றுக் கசற்றில் பதிந்து தருவார்கள். கடை அண்ணா கேட்கிற முதல் கேள்வி, “தம்பி, அறுபதோ, தொண்ணூறோ?”

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. தொண்ணூறு நிமிடக் கசற்றில் ஒரு பக்கம் 45 நிமிடம். ஒரு இசைத்தட்டு பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். ஆக ஒரு பக்கத்தில் லெட் செப்பலின், மறு பக்கத்தில் டீப் பேர்ப்பிள் என்று இரண்டு தட்டையும் ஒரே விலையில் கொண்டுபோகலாம். அறுபது மலிவு, ஆனால் தட்டு நடுவில் அறுந்து மறு பக்கத்துக்குப் போகும். சில இசைத்தட்டுகள் 45 நிமிடத்தையும் தாண்டும். அப்போது கடைசிப் பாட்டு கிட்டார் உச்சத்தில் ‘டக்’ என்று நின்றுவிடும். இன்றைக்கும் சில பாட்டுகளின் முடிவு எனக்குப் பாதியில்தான் ஞாபகம். முழுசாகக் கேட்டால் யாரோ பின்னால் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது.

படங்களுக்கும் செய்திக்கும் மருதானைப் பக்கம் போக வேண்டும். டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாக நின்ற பழைய புத்தகக் கடைகளில் வெளிநாட்டு இசைச் சஞ்சிகைகள் குவியலாகக் கிடைக்கும். நடுப்பக்கப் படத்தை யாராவது முன்பே கிழித்துக்கொண்டு போயிருப்பார்கள். எங்கள் நாட்டுக்கே ஒரு குழு வந்து போனதென்றால் அது டுரான் டுரான். 1982இல் சிகிரியாப் பாறையிலும் பொலன்னறுவையிலும் வீடியோ எடுத்தார்கள். ஆனால் அவர்கள் றொக் குழுவா, பொப் குழுவா என்று எங்களுக்குள் சண்டை தீரவே இல்லை. மச்சான் அவர்களைப் பொப் என்றே ஒதுக்கினான். சிகிரியாவில் நின்றாலும் பாறை இசை ஆகிவிடாது என்பது அவனுடைய கட்சி.

பாறை இசை என்பதையும் போகிற போக்கில் பார்த்துவிடலாம். விசிறிக்கு நேர்ந்த அதே விபத்துதான் இங்கும். இந்த றொக் கல் அல்ல, ஆடுதல், அசைதல் என்ற வினை. ‘றொக் அண்ட் றோல்’ என்ற பெயரை 1950களின் தொடக்கத்தில் அலன் ஃப்ரீட் என்ற அமெரிக்க வானொலி அறிவிப்பாளர் பரப்பினார், அதன் குறுக்கம்தான் றொக். பொப்புக்கு ஈழத்தில் ‘துள்ளிசை’ என்று அழகான சொல் இருக்கிறது, நித்தி கனகரத்தினத்தின் பாட்டுகளோடு சேர்ந்தே அதைக் கேட்டு வளர்ந்தோம். றொக்குக்கு அப்படி ஒன்று அமையவில்லை. ‘றொக்’ என்றே எழுதுவது நல்லது. தமிழகத்தில் ‘ராக்’ என்கிறார்கள், எனக்கு அது ராகம் பாதியில் நின்ற மாதிரி கேட்கிறது.

எழுத்தென்றவுடன் இன்னொன்று. ‘ஃபேன்’ என்பதில் ஆய்த எழுத்தை விட்டுவிட்டால் ‘பேன்’. பழைய அச்சில் பல இடங்களில் அப்படித்தான் வரும். தோள்வரை முடி வளர்க்க ஆசைப்பட்ட எங்களை ‘றொக் பேன்’ என்று யாராவது எழுதியிருந்தால் வீட்டில் அம்மா உடனே ஒப்புக்கொண்டிருப்பார். பாடசாலையில் அந்த ஆசை காதுக்கு மேலேயே வெட்டப்பட்டது. விடுமுறையில் வளர்ந்த அரை அங்குலத்துக்கே வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டியிருந்தது.

இனி, எல்லோருக்கும் தெரிந்த ‘ரசிகர்’. பாடப் புத்தகம் இகரம் சேர்த்து ‘இரசிகர்’ என்று எழுதும். வடமொழியில் ரசம் என்றால் சாறு, சுவை. அதை அறிந்து அனுபவிப்பவர் ரசிகர். இது கோயில் ஆவேசத்துக்கு நேரெதிரான இடத்திலிருந்து வருகிற சொல். உட்கார்ந்து, நிதானமாக, தேர்ந்து சுவைப்பவரைக் குறிக்கிறது. அதனால்தான் இலக்கியத்தைச் சுவைத்து எழுதிய இருவரை, தமிழகத்தில் டி. கே. சிதம்பரநாத முதலியாரையும் ஈழத்தில் கனக செந்திநாதனையும் ‘ரசிகமணி’ என்றோம். தலையை ஆட்டிக் கழுத்துச் சுளுக்கிக்கொண்ட பதின்மூன்று வயதுக்காரனை அந்தச் சொல்லுக்குள் வைப்பது கொஞ்சம் மரியாதை அதிகம்தான். சினிமாதான் அந்த வித்தியாசத்தை அழித்தது. ரசிகர் மன்றம், ரசிகர் காட்சி என்று வந்த பிறகு பாலாபிஷேகம் செய்பவரும் ரசிகர்தான், கண் மூடி ஆலாபனை கேட்பவரும் ரசிகர்தான்.

இலங்கை வானொலி தன் பங்குக்கு ‘நேயர்’ என்ற சொல்லை நம் காதில் ஊற்றி வளர்த்தது. நேயம் உள்ளவர் நேயர். எங்கள் வீட்டில் ஒரே வானொலிப் பெட்டி; அப்பா தமிழ்ச் சேவையின் நேயர், நான் ஆங்கிலச் சேவைக்கு முள்ளைத் திருப்பக் காத்திருப்பவன். மென்மையான சொல், ஆனால் ஒலிபரப்பைக் கேட்பவர் என்ற பொருள் இறுகிவிட்டதால் வேறிடத்தில் வைத்தால் அறிவிப்பாளர் குரல் கேட்கும்.

ரசிகர் வடசொல், தள்ளிவிட்டுச் ‘சுவைஞர்’ என்று எழுதுங்கள் என்பவர்கள் இருக்கிறார்கள். கலை விமர்சனத்தில் அந்தச் சொல் நன்றாகவே பொருந்துகிறது. பிங்க் ஃப்ளொய்ட் சுவைஞர் என்றால் எனக்குக் கொத்துரொட்டிக் கடையில் உப்புப் பார்ப்பவர்தான் கண்ணில் வருகிறார். அதோடு கொழும்பில் ‘ரசிகர்’ என்ற சொல்லுக்கு வேறொரு பயனும் உண்டு. சிங்களத்திலும் அது ‘ரசிக்கயா’தான். எங்களுக்கு மன்றம், தலைவர், செயலாளர் என்று ஒன்றும் இருக்கவில்லை, ‘செட்’ இருந்தது. அந்தச் செட்டில் இரண்டு சிங்களப் பையன்களும் பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு பறங்கிப் பையனும் இருந்தார்கள். கசற் கைமாறும்போது யாருடைய மொழியில் பேசுகிறோம் என்று ஒருவரும் பார்த்ததில்லை. ‘மெட்டாலிக்கா ரசிக்கயா’ என்று அந்தச் சிங்களப் பையன்களில் ஒருவன் என்னை அறிமுகம் செய்தால் எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை, ‘குயீன் ரசிகன்’ என்று நான் அவனைச் சொன்னால் அவனுக்கும் தேவைப்படவில்லை. சுவைஞர் என்று மாற்றினால் அவனுக்கு நான் உட்கார்ந்து விளக்க வேண்டும்.