ஏமன் வெள்ளி: முன்பக்க அழகை விடுங்கள், திருப்பிப் பாருங்கள்

வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் சிலர், அங்கே சந்தையில் வாங்கிய ஏமன் வெள்ளி நகைகளை மதிப்புப் பார்க்க என்னிடம் கொண்டுவருவது உண்டு. எல்லோரும் முதலில் கேட்பது, "இது 925 தானா?" ஆயிரத்தில் 925 பங்கு சுத்த வெள்ளியா என்று பொருள். இந்த நகைகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பயனில்லை.

ஏமன் தட்டார்கள் பெரும்பாலும் உருக்கியது மரியா தெரசா தாலர் என்ற ஆஸ்திரிய நாணயத்தை. எடை சுமார் 28 கிராம், தரம் 833. 1960-கள் வரை அங்கே புழக்கத்தில் இருந்த பணமும் அதுதான். ஆகவே பழைய நகை 925-க்குக் கீழே காட்டினால் பதற வேண்டாம். மாறாக 925 என்று ஐரோப்பிய எண்ணில் முத்திரை இருந்தால்தான் யோசிக்க வேண்டும்: ஒன்று அது புது வேலை, அல்லது பிற்பாடு எவரோ அடித்தது. கடைகளில் கேரட் மீட்டர் என்கிற கருவியையும் கண்மூடி நம்பாதீர்கள். அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும். சிறு வெள்ளி மணிகளை நெருக்கமாகப் பற்றவைத்த இடத்தில், பற்றவைக்கும் பொடியில் உள்ள செம்பும் கணக்கில் சேர்ந்து தரம் குறைவாகக் காட்டும்.

அப்புறம் தாலரில் பொறித்திருக்கும் அந்த 1780. ஆரத்தில் தொங்கும் தாலரைக் காட்டி, "இருநூறு வருஷத்து நகை" என்பார்கள். அரசி மரியா தெரசா இறந்தது 1780-இல். அதன்பின் அடித்த எல்லா நாணயத்திலும் அதே ஆண்டுதான். 1940-களில் மும்பை நாணயச்சாலையில் அடித்ததிலும் 1780 தான்! நகையின் வயதுக்கு அது சாட்சி ஆகாது. பழையதை உருக்கிப் புதிதாகச் செய்துகொள்ளும் வழக்கம் அங்கே இருந்ததால், நூறு ஆண்டைத் தாண்டிய நகை கிடைப்பதே அரிது.

வேலைப்பாட்டுக்கு வருவோம். 1949–50-இல் ஏறத்தாழ 49,000 ஏமன் யூதர்கள் விமானங்களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அதுவரை ஏமனின் நேர்த்தியான வெள்ளி வேலை பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருந்தது. பவ்சானி, பதீஹி போன்ற தட்டார் குடும்பங்களின் பெயர்கள் இன்றும் பாணிகளின் பெயர்களாக வழங்குகின்றன. செய்தவர் யூதராக இருந்தாலும் முத்திரை பெரும்பாலும் அரபி எழுத்தில்தான் இருக்கும். ஆறுமுனை நட்சத்திரத்தைக் கண்டதும் "யூத வேலை" என்று கூடுதல் விலை சொல்வார்கள். ஏமாறாதீர்கள், முஸ்லிம்களும் சுலைமான் முத்திரை என்று அதை அணிந்தவர்களே. 1950-க்குப் பிறகு முஸ்லிம் தட்டார்கள் செய்ததைப் போலி என்று தள்ளுவதும் நியாயமில்லை.

உண்மையான சோதனை பின்பக்கத்தில் இருக்கிறது. 'ஹிர்ஸ்' எனப்படும் தாயத்துக் கூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். உருளையாகவோ பெட்டியாகவோ இருக்கும், அடியில் சங்கிலியும் சிறு குண்டுகளும் தொங்கும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், கையால் செய்ததில் முறுக்குக் கம்பி தனியாகத் தகட்டின்மேல் உட்கார்ந்திருப்பது தெரியும். மணிகள் ஒன்றுக்கொன்று இம்மியளவு வேறுபடும், பொடி ஓடிய தடமும் அங்கங்கே இருக்கும். அச்சில் வார்த்த நகலில் கம்பியும் தகடும் ஒரே உடம்பாகக் குழைந்திருக்கும், மணிகள் மொழுக்கென்று, பள்ளங்களில் ஊசித்துளைகள். முத்திரைகூட வார்ப்பில் சேர்ந்தே வந்து மங்கலாகத் தெரியும்.

தேய்மானத்தையும் பாருங்கள். சட்டையில் உரசும் பின்பக்கமும், வளையம் மாட்டும் துளையும்தான் முதலில் தேயும். துளை நீள்வட்டமாகியிருந்தால் நல்ல அறிகுறி. உரசும் மேடுகளிலும் பள்ளங்களிலும் ஒரே சீராகக் கருமை படிந்திருந்தால், அது மருந்து போட்டுக் கருக்கியதாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

சிவப்பு மணி எல்லாம் பவளம் அல்ல. பவளத்தில் நெடுக மெல்லிய இணைகோடுகள் ஓடும். கண்ணாடியில் குமிழி இருக்கும், பிளாஸ்டிக்கில் அச்சுக்கோடு. ஆனால் பழைய ஏமன் நகைகளிலேயே சிவப்புக் கண்ணாடி உண்டு, எனவே கண்ணாடி என்பதாலேயே நகை போலி ஆகிவிடாது. எலுமிச்சைச் சாறு விட்டுச் சோதிக்கச் சொல்லும் வீடியோக்களைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள், உண்மையான பவளம்தான் அதில் பாழாகும். ஆரமாக இருந்தால் மணிகள் எப்போது மறுபடி கோத்தவை என்றும் கேளுங்கள். பல ஊர், பல காலத்து மணிகளை ஒரே நூலில் கோத்து விற்பது சர்வ சாதாரணம். அதில் தப்பில்லை, "அசல் ஆரம்" என்று விலை வைப்பதுதான் தப்பு.

வாங்கிவிட்டீர்களா? சரி, பளபளப்பாக்கும் திரவத்தில் மட்டும் முக்காதீர்கள். உயர்ந்த வேலைகள் சிலவற்றுக்குத் தங்க முலாம் உண்டு, அதன் மிச்சம் கம்பிகளுக்கு நடுவே மஞ்சளாக ஒட்டியிருக்கும். அதை அழுக்கென்று நினைத்துத் தேய்த்து எடுத்தவர்கள் உண்டு. விற்கப் போனாலும் எடைக்குப் போடாதீர்கள். உருக்குகிறவர் 833 வெள்ளிக்குத்தான் காசு தருவார், கம்பி வேலைக்கு அவர் தராசில் இடமில்லை.