தீர்மான நோட்டை வீடு வீடாக அனுப்பாதீர்கள்

போன வாரம் மறுபடியும் ஒரு மகளிர் குழுவில் இதே கதை. 14 உறுப்பினர்கள், வங்கிக் கடனில் 3 தவணை பாக்கி, ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தீர்மான நோட்டைப் புரட்டினேன். எல்லாக் கூட்டத்துக்கும் 14 கையெழுத்து இருக்கிறது. பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண்ணின் கையெழுத்தும் இருக்கிறது. கூட்டமே நடக்கவில்லை. குழுவை நடத்தும் ஊக்குநரின் மகன் சைக்கிளில் போய் வாங்கி வந்திருக்கிறான்.

"கையெழுத்து போட்டிருக்காங்களே மேடம், சம்மதம்தானே?" என்று கேட்டார்கள். நான் நடத்தும் பயிற்சிக்குப் பயிற்சி என்னிடம் வரும் கேள்வி இது. இல்லை அம்மா, சம்மதம் இல்லை. அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து போட்ட கையெழுத்து அது. யாருக்குக் கடன், எவ்வளவு, எதற்கு என்று அவருக்குத் தெரியாது. கூட்டத்துக்கே வந்து வாய் திறக்காமல் போனவரும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. 1992-இல் ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு, குழுக்களை வங்கியோடு இணைக்கத் தொடங்கியபோது அடமானமாக நகை கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. கூடி உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் பணம் வந்தது. குழுக்களுக்கான ஐந்து அடிப்படை விதிகளான பஞ்ச சூத்திரத்தில் கூட்டம் முதலாவதாக இருப்பது அதனால்தான்.

அன்றைக்கே எல்லோரையும் பாயில் வட்டமாக உட்கார வைத்தேன். ஊக்குநர் கடைசியில்தான் பேச வேண்டும் என்றேன். ஆளுக்கு இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னதில், சுவரோரம் இருந்த, பாக்கி வைத்த பெண்ணின் பக்கத்து வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "அவங்க மாடு பால் வத்தி மூணு மாசம் ஆச்சு." அதுவரை எல்லோரும் ஏமாற்றுக்காரி என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. குழுச் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுத்து அவர் பங்கைக் கட்டுவது, மாடு கன்று போட்டதும் அவர் அதைத் திருப்புவது என்று முடிவானது.

பாக்கி வைத்தவரைத் திட்டுவதற்கு முன்னால் என்ன ஆச்சு என்று கேளுங்கள். பணத்தை நடுவில் வைத்து எல்லோர் கண்முன்னாலும் எண்ணுங்கள். யார், எந்தத் தேதிக்குள் என்று இல்லாத தீர்மானத்தை எழுதவே எழுதாதீர்கள். எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

வராதவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதுங்கள். வங்கிக் கடனுக்காகக் குழுவின் தரம் பார்க்கும்போது வருகையையும் பார்க்கிறார்கள், உண்மைதான். அதற்காகப் பொய் எழுத வேண்டாம். நேரம் ஒத்துவரவில்லை என்றால் நேரத்தை மாற்றுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால் மாலை 7 மணிக்கு வையுங்கள். கைக்குழந்தைக்காரி இருந்தால் அவர் வீட்டுத் திண்ணையிலேயே கூடுங்கள்.