தண்ணீருக்கும் பட்டா உண்டு: லூசியானா சதுப்பில் கயாக்கோடு மீன்பிடிக்கப் போகுமுன்

டெக்சாஸின் ஹியூஸ்டனிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் சபீன் ஆற்றுப் பாலம் வரும். அதைத் தாண்டினால் லூசியானா. பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே கோரைப்புல், அதே சேறு, அதே ரெட்ஃபிஷ் மீன். சட்டம் மட்டும் வேறு. காரின் மேல் கயாக்கை, அதாவது துடுப்புப் போடும் குறுகலான சின்னப் படகை, கட்டிக்கொண்டு கிளம்பும் நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

டெக்சாஸில் விஷயம் எளிது. கடல் ஓதம் ஏறி இறங்கும் நீருக்கு அடியில் உள்ள தரை பொதுவாக மாநில அரசுடையது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் நீர்நிலைப் புறம்போக்கு. கரையில் இருக்கும் தனியார் நிலத்தில் கால் வைக்காதவரை, தண்ணீர் கொண்டுபோகும் இடமெல்லாம் போகலாம். அரான்சஸ் பாஸ் அருகே லைட்ஹவுஸ் லேக்ஸ் என்ற சதுப்புப் பகுதியில் துடுப்புப் படகுகளுக்கென்றே அடையாளம் போட்ட பாதைகள்கூட உண்டு.

லூசியானாவில் ஓதம் ஏறுகிறது என்பதால் மட்டும் ஓர் இடம் பொது இடமாகிவிடாது. ஓடும் தண்ணீர் பொதுச்சொத்து என்றுதான் அங்கும் சட்டம் சொல்கிறது. ஆறுகளிலும் துறைமுகங்களிலும் மீன் பிடிக்க எல்லோருக்கும் உரிமை உண்டு என்று அந்த மாநிலத்தின் சிவில் சட்டத்தொகுப்பு தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அடித்தரை தனியார் பட்டாவாக இருந்தால், அதன் மேல் நிற்கும் நீரில் மிதப்பதும் அத்துமீறல் ஆகலாம். தண்ணீர் உங்களுடையது, அதற்குப் போகும் வழி உங்களுடையது அல்ல.

இப்படி ஒரு நிலைமை எப்படி வந்தது? லூசியானா 1812-ல் மாநிலமானது. அந்த ஆண்டில் படகுப் போக்குவரத்துக்கும் வாணிபத்துக்கும் தகுந்ததாக இருந்த ஆறு, ஏரி, குடா எல்லாவற்றின் அடித்தரையும் அரசுக்குச் சேர்ந்தது. மற்றச் சதுப்பு நிலங்களை 1849, 1850-ல் வந்த சட்டங்களின் வழியாக மத்திய அரசு மாநிலத்திடம் தள்ளிவிட்டது. கொசுவும் முதலையும் இருக்கும் இடம் யாருக்கு வேண்டும் என்று மாநிலமும் அதைச் சொற்பக் காசுக்கு விற்றுத் தீர்த்தது. பின்னால் அதற்கடியில் எண்ணெய் கிடைத்தபோது சேற்றுக்கு மதிப்பு வந்துவிட்டது.

எண்ணெய்க் கம்பெனிகள் துரப்பண மேடைகளைக் கொண்டுபோகச் சதுப்புக்குள் கால்வாய் கால்வாயாக வெட்டின. பார்த்தால் ஆறு போலவே இருக்கும், ஓதமும் ஏறி இறங்கும். ஆனால் தனியார் நிலத்தில் தனியார் காசில் வெட்டிய கால்வாயில் பொதுமக்களுக்குத் தானாக உரிமை வராது. 1979-ல் இதே லூசியானா சதுப்பைப் பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். கால்வாயின் குறுக்கே சங்கிலியோ கேட்டோ இருப்பதைப் பார்த்து யாரும் கோபப்பட வேண்டாம். அநேகமாக அது சட்டப்படி போட்டதாகத்தான் இருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல், நிலம் மூழ்குவது. 1930-களிலிருந்து இந்தக் கரையோரத்தில் 5,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் தண்ணீராகிவிட்டது. மிசிசிப்பிக்குக் கரை கட்டியதால் வண்டல் வருவது நின்றது. வெட்டிய கால்வாய்கள் வழியே உப்புநீர் உள்ளே வந்து புல்லைக் கொன்றது. தாத்தா காலத்தில் மாடு மேய்ந்த இடத்தில் பேரன் இறால் பிடிக்கிறான். கடலும் பெரிய ஏரியும் அரித்துத் தின்ற கரை அரசுக்குப் போகும் என்பது விதி. அப்படிப் போனால் அதற்கடியில் உள்ள எண்ணெயின் பங்கும் கூடவே போய்விடும். அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத நிலத்துக்கும் உரிமையாளர்கள் வரி கட்டிக்கொண்டே வருகிறார்கள். மீனுக்காக நடக்கும் சண்டை போலத் தெரிந்தாலும், என் பார்வையில் இதன் வேர் எண்ணெயில்தான் இருக்கிறது. ஓதநீரில் பொதுமக்களைப் படகோட்ட அனுமதிக்கக் கோரி 2018-ல் வந்த மசோதா, மாநிலக் கீழவையிலேயே தோற்றுப்போனது.

கயாக்காரர்கள் இதில் மாட்டுவதற்குக் காரணம் கயாக்தான். அரையடித் தண்ணீர் போதும் அதற்கு. பெரிய படகு நுழைய முடியாத குட்டைகளுக்கெல்லாம் அது போய்விடும். பெரிய படகு நுழைய முடியாத இடம்தான் 1812-லும் போக்குவரத்துக்கு ஆகாத இடமாக, அதாவது தனியார் பட்டாவாக இருக்க வாய்ப்பு அதிகம். போன அக்டோபரில் நானும் ஒரு நண்பரும் அப்படி ஒரு சின்ன வாய்க்கால் வழியாகப் புல்லுக்குள் நுழைந்தோம். வாலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நண்டு தேடிக்கொண்டிருந்தது ஒரு ரெட்ஃபிஷ். இரண்டாவது முறை தூண்டிலை வீசும்போது பின்னால் ஒரு அலுமினியப் படகு வந்து நின்றது. இது எங்கள் இடம் என்றார் அதிலிருந்த பெரியவர். தண்ணீர்தானே ஐயா என்றேன். அவர் சிரித்துக்கொண்டே துடுப்பைச் செங்குத்தாக இறக்கினார். முழங்கால் ஆழத்தில் சேற்றில் குத்தி நின்றது. “இது என்ன?” என்றார். நல்ல மனுஷர், போகச் சொல்லிவிட்டு விட்டுவிட்டார்.

எல்லோரும் அப்படி விடமாட்டார்கள். அத்துமீறி நுழைவது அங்கே கிரிமினல் குற்றம். முதல் தடவைக்கு 100 முதல் 500 டாலர் வரை அபராதம் அல்லது 30 நாள் வரை சிறை, இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். பலகை எதுவும் இல்லையே என்று வாதாடினால் எடுபடாது. பலகை வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் நில உரிமையாளருக்கு இல்லை.

அப்படியானால் எங்கே போவது? மாநில நில அலுவலகம் அரசு உரிமை கோரும் நீரடித் தரைகளுக்கு வரைபடம் வைத்திருக்கிறது. அதில் சில இடங்கள் ‘இருதரப்பும் உரிமை கோருவது’ என்றே குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் குறிப்பைப் பார்த்தால் ஒதுங்கிப் போவது நல்லது. நீதிமன்றத்துக்குத் தெரியாததைத் தூண்டில்காரன் தீர்த்துவைக்க முடியாது. நில உரிமையைக் காட்டும் கைப்பேசிச் செயலிகளும் உதவும், ஆனால் கோடு பத்தடி இப்படி அப்படி இருக்கும். சந்தேகமில்லாமல் போக வேண்டுமென்றால் அரசு சரணாலயங்கள்தான் வழி. நியூ ஆர்லியன்ஸ் நகர எல்லைக்குள்ளேயே பயூ சவாஜ் இருக்கிறது, பான்சர்ட்ரெய்ன் ஏரிக்கு வடகரையில் பிக் பிராஞ்ச், தெற்கே பாய்ன்ட்-ஓ-ஷென், மேற்கே கேமரன் பக்கம் சபீன். சிலவற்றுக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும், வாத்து வேட்டைக் காலத்தில் சில பகுதிகளை மூடியும் விடுவார்கள். ஒவ்வொன்றின் விதியையும் கிளம்புவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. பெரியவர்களுக்கு அடிப்படை மீன்பிடி லைசென்ஸ் வேண்டும், உவர்நீருக்கு அதோடு இன்னொன்று. டெக்சாஸ் லைசென்ஸ் பொதுவாக அங்கே செல்லாது. துடுப்போ மிதியோ போட்ட கயாக்குக்குப் பதிவு தேவையில்லை, மின்மோட்டார் மாட்டினால் தேவை. உயிர்காப்பு உடை ஆளுக்கொன்று படகில் இருந்தாக வேண்டும். ரெட்ஃபிஷ் 2024 ஜூன் முதல் ஒரு நாளைக்கு ஆளுக்கு 4, நீளம் 18 அங்குலத்துக்குக் குறையாமலும் 27-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும்.

அப்புறம், காற்று. இந்த வளைகுடாவில் ஓதம் ஓரடி, ஒன்றரையடிதான். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பலமாக அடித்தால் அட்டவணையில் உள்ளதைவிட வேகமாகச் சதுப்பு வற்றிவிடும். காலையில் மிதந்து போன வாய்க்காலில் மத்தியானம் வெறும் சேறும் சிப்பியும்தான் இருக்கும். பாதை பொதுவழியாகவே இருந்தாலும், தண்ணீர் திரும்பி வரும்வரை கயாக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.